அக்காவுக்கு மூக்குக் குழாய் வைக்கலாமா?

வணக்கம். அக்காவுக்கு 58 வயது. 51-லேயே அல்சைமர் என்ற மறதி நோய் என்று தெரிந்தது. இப்போது பேச்சு நின்றுவிட்டது. ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து ஊட்டினாலும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். போன மாதம் புரையேறி நிமோனியா வந்துவிட்டது. உணவு கொடுக்க மூக்கில் குழாய் வைக்கச் சொல்கிறார்கள்.

முற்றிய மறதி நோயில் குழாயைவிடக் கையால் பொறுமையாக ஊட்டுவதே சரி என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் சொல்கிறது. ஆனால் அது முதியவர்களுக்குச் சொன்னது. இதயம், சிறுநீரகம் எல்லாம் நன்றாக இருக்கும் இவளைப் பட்டினி போடுகிறோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.

இளவயதில் இந்த நோய் வந்தவரைப் பார்த்துக்கொண்டவர்கள் சொல்லுங்கள். விழுங்க முடியாமல் போனபின் எத்தனை மாதம் இருந்தார்கள்? கடைசி நாட்களில் வலி, மூச்சுத்திணறலை வீட்டிலேயே சமாளிக்க முடிந்ததா? அப்புறம், தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வேதனையைக் குறைக்கும் ஆதரவு சிகிச்சைக்கு வீட்டுக்கு வருகிறார்களே, மறதி நோய்க்கும் வருவார்களா?