டெக்கீலாவுக்கு எந்தச் செம்பருத்தி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

ஓசூர்க்காரன்:
துபாயிலிருந்து வந்த மச்சான் ஒரு பிளாங்கோ டெக்கீலா கொண்டு வந்தார், மெக்சிகோ நாட்டு மதுவில் நிறமில்லாத வெள்ளை வகை. அதில் செம்பருத்தி சேர்த்துக் குடிக்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. இந்தப் பக்கம் பலரும் வாசலில் இருக்கும் ஒற்றை அடுக்குச் சிவப்புப் பூவைத்தான் பறிக்கிறார்கள். சுடுதண்ணீரில் போட்டதும் சாறு ஊதாவாக இறங்கும். எலுமிச்சை பிழிந்தால் கண் முன்னாலேயே பளீரென்று சிவக்கும். அந்த நிறத்துக்காகவே செய்து பார்க்கலாம். ஆனால் நாக்குக்கு ஒன்றும் கிடைக்காது, கொஞ்சம் வழவழப்புதான் மிச்சம்.

மெக்சிகோவில் சேர்ப்பது வேறு செடி, நம்ம புளிச்சக்கீரைக்குச் சொந்தம். பூ வாடி உதிர்ந்த பிறகு காயைச் சுற்றி நிற்கும் தடித்த சிவப்பு இதழைக் காயவைத்து எடுக்கிறார்கள். செம்பருத்தி டீ என்று பாக்கெட்டில் வருவதும் பெரும்பாலும் அதுதான். நல்ல புளிப்பு.

நான் செய்யும் முறை: ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு கைப்பிடி காய்ந்த இதழ், ஒரு துண்டு பட்டை. ஐந்து நிமிடம் கொதித்ததும் இறக்கி, மூடி வைத்து ஊறவிட வேண்டும். எவர்சில்வர் பாத்திரம்தான் சரி, இந்தப் புளிப்புக்கு அலுமினியம் ஆகாது. வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் சாறு அளவுக்குச் சர்க்கரை கலந்தால் பாகு தயார். 60 மி.லி. டெக்கீலா, 30 பாகு, 20 எலுமிச்சைச் சாறு, நிறைய ஐஸ். மூடி போட்ட பாட்டிலில் கை சில்லிடும் வரை குலுக்கி வடிக்க வேண்டும். டம்ளர் விளிம்பில் உப்பும் மிளகாய்த்தூளும் தடவினால், மாங்காய்க் கீற்று தின்று வளர்ந்த நம்ம ஊர் நாக்குக்கு உடனே பிடித்துவிடும்.

பாலக்கோடு தம்பி:
அண்ணா, எங்கள் வயல் வேலியில் ஆனைக்கற்றாழை நிறைய நிற்கிறது. டெக்கீலாவும் கற்றாழையில்தானே வருகிறது? அதிலிருந்து ஏதாவது எடுக்க முடியுமா?

ஓசூர்க்காரன்:
வேண்டாம் தம்பி. ஒரே இனம்தான், ஆனால் செடி வேறு. டெக்கீலாவுக்கு நீலக் கற்றாழை மட்டும்தான். மெக்சிகோவின் ஹலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களில் குறிப்பிட்ட சில பகுதிகளிலும் செய்தால்தான் அந்தப் பெயரே போட முடியும். செடி முற்றவே ஆறேழு வருஷம் ஆகும், அப்புறம் நடுத்தண்டை வேகவைத்து, புளிக்கவைத்து வடிக்கிறார்கள். வீட்டில் சாராயம் வடிப்பது குற்றம், உயிருக்கும் ஆபத்து. அந்த யோசனையை விட்டுவிடு.

காவேரிப்பட்டணம் அக்கா:
நான் மது தொடுவதில்லை. அதே பாகில் சோடாவும் எலுமிச்சையும் ஊற்றித் தருகிறேன், பிள்ளைகள் போட்டி போட்டுக் குடிக்கிறார்கள். பூக்கடைப் பூவை மட்டும் வாங்காதீர்கள், மருந்தடித்திருப்பார்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள், இந்தப் புளிச்சை டீ பிரஷரை இறக்கும். கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். ஓசூர் தம்பி, அந்தப் பாகு ஃபிரிட்ஜில் எத்தனை நாள் தாங்கும்?

ஓசூர்க்காரன்:
சுத்தமான கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வைத்தால் ஒரு வாரம் தாராளமாக வரும் அக்கா. நுரை தட்டினால் கொட்டிவிடுங்கள்.