அதிபர் மாணவர்களிடம் பேசும்போது பெற்றோர் என்ன செய்வது?

அமெரிக்காவுக்கு வந்து பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்திருக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நாட்டின் அதிபரோ மாநில ஆளுநரோ மாணவர்களுக்கு ஆற்றும் உரையை வகுப்பில் காட்டப் போவதாகவும், விரும்பாத பெற்றோர் பிள்ளையை விலக்கிக்கொள்ளலாம் என்றும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் என்ன செய்வது? பிள்ளை கேட்கட்டும் என்பதே என் கருத்து. பேசுபவருக்கு நீங்கள் ஆதரவாளரா எதிர்ப்பாளரா என்பது இதில் பொருட்டல்ல.

இந்த வழக்கம் புதியதன்று. 1988 நவம்பரில் ரொனால்டு ரீகன் மாணவர்களிடம் பேசினார். 1991 அக்டோபர் 1 அன்று மூத்த ஜார்ஜ் புஷ் வாஷிங்டனில் உள்ள ஆலிஸ் டீல் பள்ளியிலிருந்து பேசியபோது, மக்கள் வரிப்பணத்தில் அரசியல் விளம்பரம் நடப்பதாக ஜனநாயகக் கட்சியினர் குற்றம் சாட்டினர். இவ்விருவரும் வெள்ளையர்; ஆகவே இத்தகைய உரைக்கு எழும் எதிர்ப்பு அனைத்தையும் இனவெறி என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் 2009 செப்டம்பர் 8 அன்று பராக் ஒபாமா வர்ஜீனியா மாநிலத்து ஆர்லிங்டனில் வேக்ஃபீல்ட் உயர்நிலைப் பள்ளியிலிருந்து பேசியபோது எழுந்த எதிர்ப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். அதிபருக்குத் தாங்கள் எப்படி உதவலாம் என்று மாணவர்கள் கடிதம் எழுதலாம் எனக் கல்வித் துறை அனுப்பிய வகுப்புக் குறிப்பில் ஒரு யோசனை இருந்தது. அதைப் பெற்றோர் ஆட்சேபித்தது நியாயமே; துறையும் அந்த வாசகத்தை மாற்றியது. உரையின் முழு வடிவம் முந்தைய நாளே வெளியிடப்பட்டது. உழைத்துப் படியுங்கள், தோல்வியால் துவளாதீர்கள், உங்கள் படிப்புக்கு நீங்களே பொறுப்பு என்பவைதாம் அதில் இருந்தன. இந்தோனேசியாவில் சிறுவனாக இருந்த தன்னை அதிகாலை 4.30 மணிக்கு எழுப்பித் தாய் பாடம் சொல்லிக் கொடுத்ததையும் அவர் கூறினார். குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் அதிபர் இளைய ஜார்ஜ் புஷ்ஷின் மனைவியான லாரா புஷ்கூட, அதிபர் மாணவர்களிடம் பேசுவதை ஆதரித்தார். அப்படியிருந்தும் சில பள்ளி மாவட்டங்கள் நேரலையைக் காட்ட மறுத்தன. சில பெற்றோர் அன்று பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பவில்லை.

ஒபாமா அமெரிக்காவின் முதல் கறுப்பின அதிபர். அவர் இந்நாட்டில் பிறந்தவரே அல்லர் என்ற பொய் அப்போது பரவிக்கொண்டிருந்தது. அவர் மீதான கடும் பகைமையில் பெரும்பகுதிக்கு அவருடைய இனமே காரணம் என்று முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் அதே மாதம் வெளிப்படையாகச் சொன்னார். ஒபாமா அதை ஏற்கவில்லை. உரையைப் படித்த பின்னும், ‘இந்த மனிதர் என் பிள்ளையிடம் பேசக் கூடாது’ என்று பிடிவாதமாக நின்றவர்களின் மனத்தில் நிறத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன்னைப் போன்ற தோற்றமுடைய ஒருவர் நாட்டின் தலைவராகப் பேசும் நாளில், உடன் படிப்பவர்கள் எழுந்து வேறு அறைக்குப் போவதைப் பார்க்கும் கறுப்பினக் குழந்தை அதிலிருந்து என்ன புரிந்துகொள்ளும்? உங்கள் பிள்ளையும் அந்த வரிசையில் எழுந்து போனால், அது என்ன புரிந்துகொள்ளும்?

‘நமக்கு எதற்கு வம்பு’ என்று இருந்துவிடுவது நம் இயல்பு; விசாவில் இருப்பவர்களுக்கு அந்த அச்சம் இன்னும் கூடுதல். ஆனால் நாம் இங்கே வந்திருப்பதற்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு. பூர்வீக நாட்டை வைத்துச் சில நாட்டவருக்கு மிக அதிகமாகவும் மற்றவர்களுக்கு மிகக் குறைவாகவும் குடியேற்ற இடம் ஒதுக்கிய பழைய முறையை நீக்கிய 1965ஆம் ஆண்டுச் சட்டம், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலத்தில் பிறந்தது. அதன் பயனை அனுபவித்துக்கொண்டே, கறுப்பினப் பிள்ளைகளோடு பழகாதே என்று வீட்டில் சொல்வதும், பெண் குழந்தையின் நிறத்தைப் பற்றி அதன் காதுபடக் கவலைப்படுவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன. பள்ளியில் கேட்கும் எந்த உரையையும்விட இவைதாம் பிள்ளையின் மனத்தில் ஆழமாகப் பதிகின்றன.

சட்டத்தைப் பொறுத்தவரை சிலவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். கொடி வணக்கத்துக்கும் உறுதிமொழிக்கும் எந்த மாணவரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1943இல் பார்னெட் வழக்கில் தீர்ப்பளித்தது. உரையைக் கேட்பது வேறு, அதை ஏற்பதாக எழுதித் தருவது வேறு. அத்தகைய பயிற்சி தரப்பட்டால் அதை மட்டும் பணிவாக மறுக்கலாம். பிள்ளையின் நிறத்தையோ பூர்வீகத்தையோ சொல்லி யாரேனும் இழிவுபடுத்தினால் வாய்மொழியாகச் சொல்வதோடு நிறுத்தாமல், தேதியிட்டுப் பள்ளி முதல்வருக்கு எழுதுங்கள். கூட்டரசு நிதி பெறும் பள்ளிகளில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைச் சட்டத்தின் ஆறாம் பிரிவு குடியுரிமை இல்லாதவர்களையும் காக்கிறது. பள்ளி அசையாவிட்டால், பொதுவாக 180 நாட்களுக்குள், கூட்டரசுக் கல்வித் துறையின் குடிமை உரிமை அலுவலகத்தில் புகார் செய்யலாம்.

கடிதம் வந்தவுடன் உரையின் வடிவத்தையும் வகுப்புப் பயிற்சியையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்கிப் படியுங்கள். அன்று மாலை, தலைவர் சொன்னவற்றில் எதை ஏற்கிறாய், எதை மறுக்கிறாய் என்று பிள்ளையிடம் கேளுங்கள். வகுப்பில் யாரெல்லாம் விலகிப் போனார்கள், அதைப் பற்றி மற்றவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதையும் மறவாமல் கேளுங்கள்.