தடுத்த கை அடிச்ச கதை, உங்களுக்கு நடந்திருக்கா?

லேட் பெல்ட்:
38 வயசுல கராத்தே சேர்ந்தேன், இப்ப பச்சை பெல்ட். கட்டா, அதாவது தனியா வரிசையா செஞ்சு காட்டுற அசைவுகள், ஓரளவு வரும். எதிராளியோட மோதுற குமித்தேன்னா போச்சு. எதிராளி குத்தினா அகே உக்கே, அதான் கையை மேல தூக்கித் தடுக்கிறது, சுத்தமா போடுவேன். போட்டுட்டு அப்படியே நிப்பேன். அதுக்குள்ள அடுத்த குத்து வந்துடும். மாஸ்டர் ஒருநாள் எல்லார் முன்னாடியும் கத்தினார்: "தடுத்துட்டு என்ன சார், ரசீதுக்கா காத்திருக்கீங்க?"

போன மார்கழியில ஒரு சாயங்காலம், எதிர்ல பிளஸ் ஒன் படிக்கிற பையன். முன்னால வச்சிருந்த கையால முகத்துக்கு ஒரு குத்து விட்டான். என் இடது கை அதை ஓரமா தள்ளினது ஞாபகம் இருக்கு. வலது கை எப்பப் போச்சுன்னு சத்தியமா ஞாபகம் இல்ல. "ஹக்"னு ஒரு சத்தம். பையன் விலாவைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். அவன் பல்லுல மாட்டியிருந்த கார்டு எச்சிலோட தரையில கிடந்துச்சு. அந்தக் கார்டுதான் இன்னும் கண்ணுல நிக்குது. சுத்தி இருந்தவங்க கை தட்டினாங்க. எனக்குச் சந்தோஷப்படவா, அவனைத் தூக்கவான்னு புரியல.

அதுக்கப்புறம் எவ்வளவோ முயற்சி பண்ணியும் அது திரும்ப வரவே இல்ல.

கம்புக்காரி:
எனக்குக் கராத்தே தெரியாது, சிலம்பம்தான். தூத்துக்குடிப் பக்கம். எதிர்ல எங்க மாமா பையன், என்னைவிட அரை அடி உசரம். தலைக்கு வீசுனாரு. ரெண்டு கையாலயும் கம்பைக் குறுக்கே ஏந்துனேன். வழக்கமா நேரா மோதி மணிக்கட்டு வரைக்கும் மரத்துப்போகும். அன்னைக்குக் கம்பு கொஞ்சம் சாஞ்சிருந்திருக்கு. அவர் அடி ஒரு முனையில விழுந்து சறுக்க, மறுமுனை அந்த வேகத்துலயே சுத்திப் போய் அவர் முழங்காலுக்கு நாலு விரக்கடை பக்கத்துல நின்னுச்சு. நான் அடிக்கவே இல்ல. அவர் அடிதான் அவர்கிட்டயே திரும்பிப் போச்சு.

ஆசான் பாராட்டுவார்னு பார்த்தா, "ஏட்டி, காலு எங்க இருந்துச்சு?"ன்னு மட்டும் கேட்டார். எனக்குத் தெரியல. மூணு வருஷம் ஆச்சு, இன்னும் பதில் இல்ல.

ரிங் ஓரம்:
முதல் பதிவு போட்டவர் தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க செஞ்சது எதிரடி இல்ல, விபத்து. நான் ராயபுரத்துல பாக்ஸிங் பழகினவன். என் கதை சின்னது: வந்த ஜாப்பை (முன்னால இருக்கிற கையால விடுற நேர் குத்து) வலது உள்ளங்கையால தட்டி, அதே நேரத்துல இடது கையால ஜாப் விட்டேன், அவன் மூக்குல ரத்தம்.

விஷயத்துக்கு வர்றேன். கண்ணு பார்த்துக் கை அசையவே கிட்டத்தட்ட 0.2 செகண்ட் போயிடும். தடுக்கிறது ஒண்ணு, அடிக்கிறது ரெண்டுன்னு எண்ணினா, அந்த 'ரெண்டு' எதிராளிக்குத்தான் சொந்தம். அதனால பார்ட்னரை ஒரே குத்தைப் பாதி வேகத்துல விடச் சொல்லுங்க. முதல் வாரம் கையே தூக்காதீங்க, காலை மட்டும் குறுக்கா எடுத்து வச்சு அந்தக் கோட்டை விட்டு விலகுங்க. அடுத்தது தட்டு. அப்புறம்தான் குத்து. தட்டுற கை ரொம்ப ஓரமா போனா திரும்பி வர்றதுக்குள்ள முகம் வீங்கிடும். தோளை இறுக்காதீங்க. மூச்சைப் பிடிச்சு வைக்காதீங்க. தினமும் ஸ்கிப்பிங். ராத்திரி பரோட்டா வேண்டாம்.

கெதான்:
பரோட்டாவை விடுங்க சார். 'உக்கே'ன்னா தடுப்புன்னு சொல்லிக் கொடுத்ததுலதான் பாதிக் குழப்பம். ஜப்பானிய மொழியில உக்கேருன்னா வாங்கிக்கிறது, ஏத்துக்கிறது. கீழே வர்ற அடியை மறிக்கிற கெதான் பராய்ல உக்கேங்கிற சொல்லே கிடையாது, அது வீசித் தள்ளுறது. இடுப்புக்கு இழுக்கிற ஹிக்கித்தேவும் சும்மா அழகுக்கு இல்ல, வந்த கையைப் பிடிச்சு இழுக்கவும்தான்.

கை தட்டினாங்கன்னு எழுதியிருக்கீங்களே, அது எனக்கு உறுத்துது. டோக்கியோ ஒலிம்பிக், 2021 ஆகஸ்ட் 7, 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டி. சவூதியின் தாரெக் ஹமெதி 4-1 முன்னிலை. அவர் விட்ட உதையில ஈரானின் சஜ்ஜாத் கஞ்ஜ்சாதே மயங்கி விழுந்துட்டார். கட்டுப்பாடு இல்லாத அடின்னு ஹமெதியைத் தகுதி நீக்கம் செஞ்சு, விழுந்தவருக்குத் தங்கம் கொடுத்தாங்க.

என் அனுபவமா? கெதான் பராயால உதையை மறிக்கப் போய் சுண்டுவிரல் உடைஞ்சது. மூணு வாரம் கட்டு.

கம்புக்காரி:
ரிங் ஓரம் அண்ணா, "காலை மட்டும் குறுக்கா"ன்னு எழுதுனதை ரெண்டு தடவை படிச்சேன். ஆசான் கேட்டது அதைத்தானோ? பரோட்டா பத்தி மட்டும் எங்க ஊர்ல வந்து சொல்லிடாதீங்க.

லேட் பெல்ட்:
கெதான், அன்னைக்கே பையன்கிட்ட மன்னிப்புக் கேட்டேன். "சார், செம அடி சார்"னான், அது இன்னும் மோசமா இருந்துச்சு.

நேத்து மறுபடி அவனே எதிர்ல. அதே குத்து. காலை எடுத்து வைக்கணும்னு நினைச்சேன். தடுத்தேன். தடுத்துட்டு நின்னேன். வாங்கிக்கிறதுதான் உக்கேன்னா, நேத்து மூணு உக்கே போட்டேன்.