முட்டையை உடலுக்கு வெளியே முதிரவைப்பது: பயந்தவர்களுக்கான வழியா?

செண்பகம்: சினைப்பை நீர்க்கட்டி உள்ள எனக்குப் பன்னிரண்டு நாள் ஹார்மோன் ஊசி போட்டு ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய்க் குழந்தை முறை) செய்தார்கள். முட்டைகளை எடுத்த மூன்றாம் நாள் வயிற்றில் நீர் கோத்து, மூச்சு முட்டிப் படுத்துவிட்டேன். அத்தனை ஊசி இல்லாமல், முதிராத முட்டைகளையே எடுத்து ஆய்வகத்தில் முதிரவைக்கும் ஐ.வி.எம். என்றொரு முறை இருப்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முன்பே ஏன் யாரும் சொல்லவில்லை?

கதிரவன்: பலன் குறைவு, அதனால்தான். வியட்நாமின் ஹோ சி மின் நகரில் 546 பெண்களிடம் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டு 2020இல் முடிவை வெளியிட்டார்கள். முதல் கருவைப் பதித்தபின் குழந்தை பெற்றவர்கள் ஐ.வி.எஃப்.பில் 43.2%, ஐ.வி.எம்.மில் 35.2%. வயிற்று வலிக்குப் பயந்து குழந்தையை விட்டுக்கொடுப்பீர்களா?

செண்பகம்: வயிற்று வலியா? படுத்தவள் நான், ஐயா. அதே ஆய்வில் ஐ.வி.எம். பிரிவில் ஒருவருக்குக்கூட அந்த நிலை வரவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டீர்களே!

கதிரவன்: மறு பிரிவிலும் 0.7% தான். இப்போது முட்டையை முதிர்விக்கும் கடைசி ஊசியை மாற்றிப் போட்டு, கருக்களை உறையவைத்து, பிறகு பதிக்கிறார்கள். உங்களுக்கு அப்படிச் செய்தார்களா என்று கேளுங்கள்.

மேசைவிளக்கு: கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சினைப்பையிலிருந்து வெளியே எடுத்த முட்டை தானாகவே முதிரத் தொடங்கிவிடும்; 1935இலேயே பின்கஸ் என்ற ஆய்வாளர் முயல் முட்டையில் கண்டது இது. அந்த அவசரம்தான் தொல்லை. உட்கரு தயாராகிவிடும், சுற்றியுள்ள சைட்டோபிளாசம் தயாராகாது. பார்வைக்குப் பழுத்த பழம், கடித்தால் காய். அந்த வியட்நாம் ஆய்வில் முட்டையை ஒரு நாள் முதிரவிடாமல் தடுத்து வைத்து, பிறகே முதிரவிட்டார்கள். அந்தப் பக்குவம் தெரியாத ஆய்வகத்தில் 35 சதவீதத்தை எதிர்பார்க்காதீர்கள்.

கதிரவன்: நான் சொன்னதும் அதுதானே?

மேசைவிளக்கு: முழுவதும் அல்ல. புற்றுநோய் சிகிச்சையை நாளைக்கே தொடங்க வேண்டிய பெண்ணுக்கு, அதற்கு முன் முட்டையை எடுத்துச் சேமிக்கப் பன்னிரண்டு நாள் ஊசி போட நேரம் ஏது? அவருக்கு உங்கள் 43 சதவீதம் எதற்கு? அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கமும் 2021இல் இதைச் ‘சோதனை முறை’ பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது.

கதிரவன்: புற்றுநோய் என்றால் ஒப்புக்கொள்கிறேன். நீர்க்கட்டிக்கு மாட்டேன்.

செண்பகம்: அடுத்த வாரம் மருத்துவரைப் பார்க்கிறேன். இங்கே எத்தனை பேருக்கு ஐ.வி.எம். செய்திருக்கிறீர்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஒருவருக்கும் இல்லை என்றால் கதிரவன் சொன்ன ஊசியைப் பற்றிக் கேட்பேன். ‘வயிற்று வலி’ என்றதை மட்டும் திரும்பப் பெறுங்கள்.