இமை மயிரும் மூச்சுக்குழாய்ச் சிலியாவும் ஒன்றா?

பல்லடம் பஞ்சுக்காரி:
நூற்பாலையில் 11 ஆண்டுகளாகப் பஞ்சைச் சீவிச் சிக்கெடுக்கும் கார்டிங் பிரிவில் வேலை செய்கிறேன். ஷிஃப்ட் முடிந்து கண்ணாடியைப் பார்த்தால், சோளத் தாளில் பனி இறங்கியதுபோல இமை மயிரெல்லாம் வெள்ளையாகப் பஞ்சு. மூச்சுக்குழாயில் 'சிலியா' இருப்பதாக மகளின் பிளஸ் ஒன் பாடத்தில் வருகிறது. கண் மருத்துவரோ இமை மயிரையே அந்தப் பெயரால் சொன்னார். இரண்டும் ஒன்றா? இமையில் ஒட்டியதை நான் கழுவுகிறேன், உள்ளே ஒட்டியதை யார் கழுவுவது?

கோபி வாத்தியார்:
அம்மணி, பெயர் மட்டும்தான் ஒன்று. லத்தீனில் சிலியம் என்றால் கண்ணிமை. தோற்றம் இமை மயிரை ஒத்திருந்ததால் செல்லின் இழைக்கும் அந்தப் பெயர் வந்தது. இமை மயிர் கெரட்டினால் ஆன உயிரற்ற முடி. குறுஇழையோ உயிருள்ள செல்லின் உறுப்பு. மூச்சுக்குழாயில் ஒரு செல்லுக்குச் சுமார் 200 இருக்கும். நீளம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஒவ்வொன்றுக்குள்ளும் ஓரத்தில் 9 ஜோடி நுண்குழல்கள், நடுவில் 2. நொடிக்குப் பத்துத் தடவைக்கு மேல் துடிக்கும்: தள்ளும்போது விறைத்து நிற்கும், திரும்பும்போது வளைந்து பதுங்கும். எல்லாம் ஒரே நேரத்தில் அடிப்பதில்லை, ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். தடப்பள்ளி வாய்க்கால் ஓரம் நெல்வயலில் காற்று ஓடுவதைப் பார்த்திருந்தால் அந்த அலை புரியும். அது மேலிருக்கும் சளியைத் தொண்டைவரை ஏற்றிவிடும். சளியில் சிக்கிய தூசியை அறியாமலே விழுங்கிவிடுகிறோம். கழுவும் ஆள் உங்களுக்குள்ளேயே இருக்கிறது.

கருமத்தம்பட்டி புளோ ரூம்:
வாத்தியார் ஐயா சொன்னது சரி. ஆனால் அந்த ஆளுக்கும் ஓர் அளவு உண்டு அக்கா. புகை அந்த இழைகளை முடக்கிவிடும். நான் பீடியை விட்டதே அதனால்தான். இன்னொன்று: வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் உங்களுக்கு நெஞ்சு இறுக்குகிறதா? அது இழையின் கோளாறு அல்ல. பஞ்சுத் தூசி மூச்சுக்குழாயைச் சுருக்குவதால் வருகிற பிசினோசிஸாக இருக்கலாம். தள்ளிப்போடாதீர்கள்.

பல்லடம் பஞ்சுக்காரி:
இறுக்குகிறது தம்பி. ஓய்ந்திருந்த உடம்பு வேலைக்குப் பழகுகிறது என்று இருந்துவிட்டேன். வியாழக்கிழமை விடுப்பு சொல்லியிருக்கிறேன், அரசு மருத்துவமனைக்குப் போகிறேன். வியர்க்கிறது என்று கழுத்தில் இறக்கிவிடும் முகக்கவசத்தை இன்றைய ஷிஃப்ட் முழுக்கக் கழற்றவில்லை.