பாசிமணி கோர்க்கும் பிள்ளைகளுக்குக் கணினி கற்பிப்பது எப்படி?

வினா: நடுநிலைப் பள்ளி ஆசிரியை, காரைக்குடி வட்டாரம்

அனைவருக்கும் வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணக்கும் கணினியும் எடுக்கிறேன். வகுப்பில் ஒன்பது பேர் நரிக்குறவர் குடியிருப்பிலிருந்து வருகிறார்கள். 2023இல் அச்சமூகம் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டது பலரும் அறிந்ததே. கட்டளைக் கட்டங்களை அடுக்கி நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் பூனையை நடக்கவிடும் பாடத்தை மற்றப் பிள்ளைகள் ஆர்வமாகச் செய்தபோது, இவர்கள் விசைப்பலகையைத் தொடக்கூட இல்லை.

அன்று மதிய உணவு வேளையில் அவர்களுள் ஒரு சிறுமி வேப்பமரத்தடியில் மாலை கோர்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சிவப்பு, ஒரு கறுப்பு, இரண்டு சிவப்பு, ஒரு வெள்ளை என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் கை நின்று, சரத்தை முழுவதும் உருவிவிடாமல், தவறிய மணி வரைக்கும் மட்டும் ஒவ்வொன்றாகக் கழற்றி, அங்கிருந்து மீண்டும் தொடங்கினாள். மடக்கு (ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பச் செய்வது) என்றும் பிழைதிருத்தம் என்றும் ஒரு வாரமாக நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தது அவள் விரலில் இருந்தது. இதைக் கணினிப் பாடமாக ஆக்கலாமா? ஆக்கினால் எங்கே தொடங்குவது?

மறுமொழி 1: கணினி ஆசிரியர், தேவகோட்டை

அம்மா அவர்களுக்கு வணக்கம். நம் ஊரிலேயே இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனுடன் சேர்ந்து, புள்ளிக் கோலங்களைக் கணினி அறிவியலில் இலக்கணம் எனப்படும் விதித் தொகுப்பாக வரையறுத்து 1974இல் கட்டுரை வெளியிட்டார்கள். செட்டிநாட்டு வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லும் அப்படித்தான்: கண்ணாடியின் மேல் அச்சை வைத்து வண்ணக் குழம்பை ஊற்றி எடுத்த ஒரே கல்லை, நான்கு திசையில் திருப்பி வைத்தால் ஒரு பூ விரிகிறது. இவற்றைக் கொண்டு தொடங்கினால் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக இருக்கும்.

மறுமொழி 2: கல்வியியல் ஆய்வு மாணவி, காரைக்குடி

ஐயா சொன்ன எடுத்துக்காட்டுகள் அருமையானவை. ஆனால் ஆத்தங்குடிக் கல் பாவிய முற்றம் யாருடையது, அந்த ஒன்பது பேர் அதில் உட்கார்ந்ததுண்டா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நமக்குப் பழகியதையே எல்லோருக்கும் பொது என்று எடுத்துக்கொள்வதில்தான் இவ்வகை முயற்சிகள் பெரும்பாலும் சறுக்குகின்றன.

இங்கு அமெரிக்காவில் நடந்த ஒன்றைக் கூற விரும்புகிறேன். ரான் எக்லாஷ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், ஐடஹோ மாநிலத்தின் ஷோஷோன்-பானக் பழங்குடியினரோடு சேர்ந்து, மணிகளைப் பட்டையாக நெய்யும் மணித்தறியைக் கணினித் திரையில் அமைத்தார்கள். கிடை அச்சிலும் நெடு அச்சிலும் எண்களைக் கொடுத்தால் அந்தப் புள்ளியில் ஒரு மணி அமரும். முக்கோணம் வரைவதற்கு, கணினி வரைகலையில் வழக்கமாக உள்ள முறையையே முதலில் வைத்தார்கள். மூன்று முனைகளைக் கொடுத்தால் உள்ளே நிரப்பிவிடும். அப்படி வந்த முக்கோணத்தின் ஓரம் ஒழுங்கில்லாமல் பல் பல்லாக இருந்தது. மணி கோர்ப்பவர்களின் முக்கோணமோ ஒவ்வொரு வரிசையிலும் இரு பக்கமும் இத்தனை மணி என்று சீராகக் கூடிக்கொண்டே போவது. பிழை கைவினையில் இல்லை, கருவியில்தான் என்று ஒப்புக்கொண்டு, வரிசைக்கு வரிசை கூட்டிச் செல்லும் புதிய கட்டளை ஒன்றைச் சேர்த்தார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, பழங்குடியினரின் கணக்கைக் கேட்டு மென்பொருள் மாறியது என்பதே. மணிமாலைப் படத்தைத் திரையின் மூலையில் ஒட்டுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை.

அமெரிக்கக் கல்வியாளர் குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ், மாணவரின் பண்பாட்டோடு இயைந்து கற்பிக்கும் கல்விமுறையை 1995இல் வரையறுத்தபோது மூன்று கூறுகளைச் சொன்னார்: பாடத்தில் தேர்ச்சி, தம் பண்பாட்டில் ஊன்றி நிற்றல், சமூகத்தில் நடப்பதைக் கேள்வி கேட்கும் திறன். நம்மவர்கள் இரண்டாவதை விழா மேடையோடு முடித்துவிட்டு மூன்றாவதைத் தொடுவதே இல்லை.

மறுமொழி 3: பட்டதாரி, புதுக்கோட்டை மாவட்டம்

நான் அந்தச் சமூகத்தில் பிறந்தவன் என்பதால் சற்று வெளிப்படையாக எழுதுகிறேன். டீச்சர் தவறாக எண்ண வேண்டாம். நான் படித்த பள்ளியில் ஆண்டு விழா என்றால் என்னைப் பாசிமாலையோடு மேடையில் நிறுத்துவார்கள். மறுநாள் கணக்கு வகுப்பில் பின் வரிசையில் உட்காரச் சொல்வார்கள். ஆகவே எங்கள் பிள்ளைகளைப் பார்த்தவுடன் பாசிமணியை எடுத்து நீட்டினால், அவர்கள் மகிழ்வார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தச் சிறுமி விரும்பினால் தானே சொல்லட்டும். அதுவும் ஒன்பது பேரைத் தனியாக உட்கார வைக்காமல், முழு வகுப்பும் கோர்க்கட்டும். செட்டியார் வீட்டுப் பிள்ளைக்கும் மணி கோர்க்கும் நரம்பு சிக்கும்போது, யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரியும்.

மணியைவிட முந்தியது பேச்சு. எங்கள் வீட்டில் வாக்ரிபோலி பேசுகிறோம். அது இந்தோ-ஆரியக் குடும்பத்து மொழி. பள்ளியில் ஒரு சொல்லும் கேட்காது. ஸ்கிராட்ச்சில் குரலைப் பதிவு செய்ய முடியும் அல்லவா? பூனை எங்கள் மொழியில் ஒரு வார்த்தை பேசட்டும். நியூசிலாந்துப் பழங்குடியினரின் மாவோரி மொழியில் ஸ்கிராட்ச்சின் கட்டளைகளையே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று, திருவிழாக் காலத்தில் பிள்ளைகள் பெற்றோருடன் குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் விற்கப் போய்விடுவார்கள். திரும்பி வரும்போது பாடம் எங்கோ போயிருக்கும். வாங்கிய விலை, விற்ற விலை, வழிச் செலவு ஆகியவற்றை அவர்களே அட்டவணை மென்பொருளில் எழுதும்படி அந்த நாள்களைப் பாடமாக்குங்கள். இந்த ஊரில் கடையில் தொழில் பழகும் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கடைக் கணக்கில் தேர்ந்தவர்களைக் கெட்டிக்காரர்கள் என்றுதானே சொன்னார்கள்?

வினா எழுப்பியவர்

மூவருக்கும் நன்றி. கடைசி மறுமொழியை இரண்டு முறை படித்தேன். சிறுமியிடம் கேட்டதற்கு, தனக்கு ஐந்து வரிசைதான் தெரியும், அகலப் பட்டை அப்பாயிக்குத்தான் வரும் என்றாள். அப்பாயியைச் சனிக்கிழமை வகுப்புக்கு அழைத்திருக்கிறேன். அவர் வரிசையை எப்படிக் கூட்டுகிறார் என்று பிள்ளைகள் கட்டம் போட்ட தாளில் குறித்துக்கொண்ட பிறகே கணினியைத் திறப்பதாக எண்ணம். அன்றைக்கு அவருக்கு வியாபாரம் போய்விடும். அதற்குரிய கூலியைப் பள்ளிக் கணக்கில் எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று அனுபவமுள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும். தலைமையாசிரியர் ‘விருந்தினர் தேநீர்’ என்று எழுதச் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை.