எட்டு மாதத்துக்கு ஒரு ஊர், இருபது லிட்டர் டிரம்மை என்ன செய்வது?

மூட்டைமுடிச்சு:
வணக்கம். மின் நிலையங்களில் டர்பைனை ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிற வேலை எனக்கு. ஆறு மாதம், எட்டு மாதம், அப்புறம் அடுத்த ஊர். இங்கிலாந்தில் லீட்ஸில் இரண்டு வருடம் இருந்தபோது வீட்டிலேயே பீர் காய்ச்சப் பழகினேன். அங்கே 1963-லிருந்தே சொந்த உபயோகத்துக்குக் காய்ச்ச உரிமம் வேண்டாம், விற்றால்தான் தப்பு. மாடிப்படிக்குக் கீழே டிரம் இருக்கும். ராத்திரி அதன் மூடியில் மாட்டிய ஏர்லாக்கில், அதாவது உள்ளே உண்டாகும் வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத தண்ணீர் அடைப்பில், குமிழி வந்து ‘புளுக்... புளுக்’ என்கும். மனைவி ஊரில் இருந்தாள், அந்தச் சத்தம்தான் வீட்டில் பேச்சுத்துணை.

இப்போது பெருங்குடியில் வாடகை வீடு. டிரம், மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கொதிக்க வைக்கும் அண்டா, சர்க்கரை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் கண்ணாடி ஹைட்ரோமீட்டர், பாட்டிலுக்கு மூடி அடிக்கிற கருவி எல்லாம் அட்டைப் பெட்டியில் பால்கனியில் தூங்குகின்றன. இங்கே காய்ச்சக் கூடாது என்று தெரியும். ஆனால் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. பொருட்களை வைத்துக்கொள்ளவா, தள்ளிவிடவா? சட்டத்துக்கு உட்பட்டு வேறு எதையாவது நொதிக்க வைக்க வழி உண்டா?

கறுப்புக்கோட்டு:
சார், முதலில் அந்தப் பெட்டி. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இல் ராஜாஜி முதல்வராக இருந்தபோது வந்தது, முதலில் சேலத்தில் அமலானது. இன்று தெருவுக்குத் தெரு டாஸ்மாக் இருந்தாலும் சட்டம் உயிரோடுதான் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், தயாரிப்பதற்கென்று கருவிகளை வைத்திருப்பதும் குற்றம். ‘எனக்கு மட்டும்தான் காய்ச்சினேன்’ என்பது எடுபடாது. நம் ஊர்க் கள்ளுக்கே 1987-லிருந்து தடை, உங்கள் லீட்ஸ் பீருக்கு என்ன தனிச் சலுகை? அண்டாவில் பிரியாணி போடுங்கள்.

இஞ்சிமுரப்பா:
அண்ணா, இஞ்சி சோடாவுக்கு வாங்க. ஒரு தம்ளர் தண்ணீரில் தினமும் ஒரு ஸ்பூன் துருவின இஞ்சி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. தோலைச் சீவாதீங்க, ஈஸ்ட் அதில்தான் இருக்கிறது. குளிர் நாட்டில் ஒரு வாரம் ஆகலாம், என் வேளச்சேரி சமையலறையில் மூன்றாம் நாளே நுரை தள்ளிவிடும். பிறகு இஞ்சியும் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வைத்து நன்றாக ஆறின ஒரு லிட்டர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்து, இந்த நுரைத் தண்ணீரை வடிகட்டிக் கால் தம்ளர் விடுங்க. அரை நாள், ஒரு நாள் போதும், உடனே ஃபிரிட்ஜ். வெளியே விட்டால் சர்க்கரை மேலும் மேலும் சாராயமாக மாறும், அப்புறம் மேலே இருக்கிற வக்கீல் சார் வந்துவிடுவார்.

கண்ணாடி பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். போன மே மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று வெடித்தது. ஏதோ சிலிண்டர் என்று எதிர்வீட்டார் ஓடி வந்துவிட்டார்கள். மறுநாள் இட்லித் தட்டின் குழியில்கூடக் கண்ணாடிச் சில்லு. பழைய பிளாஸ்டிக் சோடா பாட்டில்தான் சரி. அமுக்கிப் பாருங்க, கல் மாதிரி ஆனதும் ஃபிரிட்ஜில் வைங்க.

அசோக்நகர்_டூ_மெல்போர்ன்:
தலைவா, நானும் உங்களைப் போல நாடோடிதான். இங்கே பீர் காய்ச்சலாம், சாராயம் வடித்து இறக்கத்தான் கூடாது. இருபது லிட்டரை விட்டு ஐந்து லிட்டர் ஜாடிக்கு மாறினதில் பாதித் தலைவலி போச்சு. நொதிக்க இரண்டு வாரம், பாட்டிலில் இரண்டு வாரம், குடித்து முடிக்க இரண்டு வாரம். எனவே மாற்றல் தேதிக்கு ஆறு வாரம் முன்பே கடையை மூடிவிடுவேன். நிறைந்த பாட்டிலை வீடு மாற்றுகிறவர்கள் ஏற்ற மாட்டார்கள். ஹைட்ரோமீட்டரை இரண்டு கம்பளிக் காலுறைக்குள் செருகி ஷூவுக்குள் வைப்பேன், மூன்று வீடு தாங்கியிருக்கிறது. ஊருக்கு ஊர் வெயில் மாறும் என்பதால் குளிரில் ஏல் என்கிற பீர் வகைக்கான சாதாரண ஈஸ்ட், 18-லிருந்து 20 டிகிரி. கோடையில் க்வைக் என்கிற நார்வே ஈஸ்ட், அது 35 டிகிரியிலும் அசராது. சென்னையில் இருக்கும்வரை இஞ்சியே போதும் உங்களுக்கு.

மூட்டைமுடிச்சு:
எல்லோருக்கும் நன்றி. டிரம்மும் மூடிக் கருவியும் நேற்று லீட்ஸ் திரும்புகிற நண்பனின் கன்டெய்னரில் ஏறிவிட்டன. அண்டாவை மனைவி பார்த்துக்கொள்வாள். ஏர்லாக்கை மட்டும் கொடுக்க மனசு வரவில்லை, இஞ்சி ஜாடியின் மூடியில் துளை போட்டு மாட்டியிருக்கிறேன். இன்று காலை கீழ்வீட்டு மாமி மேலே வந்து, ‘தம்பி, உங்க வீட்டுக் குழாய் ஏதாவது சொட்டுதா, ராத்திரியெல்லாம் ஒரே புளுக் புளுக்னு கேக்குதே’ என்றார்.

அடுத்த வேலை குஜராத்தில் என்கிறார்கள். அங்கேயும் மதுவிலக்குதான்.